உள்ளங்கை கறுத்த வருஷம்

"உங்க ஜனங்க பொறக்கும்போதே கறுப்புதானேம்மா? இதுல புதுசா என்ன கறுக்கப் போகுது?"

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், ஒரு மாடிக் கிளினிக்கில் அந்த டாக்டர் இதைச் சொன்னபோது தலை நிமிரவில்லை. எனக்கு முன்னால் வந்துபோனவரின் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கதவோரம் நின்றிருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுகூடப் பரவாயில்லை. என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் கணவர் அசோகனும் சிரித்தார்.

அறை முழுக்க டெட்டால் வாசனை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மருந்துக் கம்பெனியின் காலண்டர் படம். வெள்ளை வெளேரென்று ஒரு பெண் தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தின் மேல்தான் என் கையை விரித்து வைத்திருந்தேன். உள்ளங்கை மேலே தெரியும்படி. அதைக் காட்டத்தான் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தேன். ரேகைகள் எல்லாம் கறுப்பு மையால் கோடு போட்ட மாதிரி இருந்தன.

அவர் எழுதி முடித்தார். என் பெயர் கேட்டார். "கௌதமி" என்றேன். ரத்தம் குறைவு என்றார். இரும்புச்சத்து மாத்திரையும், வெயிலுக்குப் பூச ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். கையை நான் அப்படியே வைத்திருந்தேன். அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்கள், இந்த அம்மா எதையும் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போகிறவள் என்று நினைத்திருக்கலாம். இந்த வாரம் என்னால் அது முடியாது.

ஷேடு

என் வேலையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பெங்களூரில் ஒரு ரெடிமேட் துணித் தொழிற்சாலையில் செக்கர். ஒரே சட்டையில் காலர் ஒரு ரோலில் இருந்தும் கை இன்னொரு ரோலில் இருந்தும் வந்துவிட்டால், நிறத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். டியூப்லைட்டில் தெரியாது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தால் தெரியும். எங்கள் பாஷையில் அதற்கு ஷேடு அடிக்கிறது என்று பெயர். பத்து வருஷத்துக்கு மேல் எனக்கு அதுதான் வேலை. நான் ஓரமாக எடுத்துப் போட்ட சட்டையை எந்த சூப்பர்வைசரும் திரும்பச் சேர்த்ததில்லை.

அப்படிப்பட்டவள் சொல்கிறேன், என் தோல் நிறம் மாறிவிட்டது என்று. யாரும் நம்பவில்லை.

நான் பிறந்ததிலிருந்தே கறுப்புதான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. வருத்தப்பட வைக்க மற்றவர்கள்தான் பாடுபட்டார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என்னை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். உயரமான பெண்கள் பின்னால் நிற்கணும் என்பார் டீச்சர். வகுப்பிலேயே குள்ளம் நான்தான்.

ஆனால் என் கறுப்பு எனக்குத் தெரியும். கன்னத்தில் ஒரு மாதிரி, முழங்கையில் ஒரு மாதிரி, வெயில் காலத்தில் ஒரு மாதிரி. அந்த வருஷம் வந்தது என் கறுப்பு இல்லை. வெயிலே படாத இடங்களில் அது வந்தது. விரல் முட்டிகளில், உள்ளங்கை ரேகையில், சின்ன வயசில் விழுந்து முழங்காலில் ஆறிப்போன தழும்பில்.

முதலில் பார்த்தது ரெஜினா. கோரமண்டல் ஸ்டேஷனில் தினமும் என்னோடு ரயில் ஏறுகிறவள்; எங்கள் தொழிற்சாலையிலேயே பேக்கிங்கில் இருக்கிறாள். ஒரு நாள் ஏதோ சொல்லி நான் சிரித்தபோது என் வாயையே பார்த்தாள்.

"இன்னாடி, காலங்காத்தால நாவப்பழம் துன்னுட்டு வந்துக்கிற?"

"நாவப்பழமா? இந்த மாசத்துல ஏதுடி?"

கைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்துக் கொடுத்தாள். என் ஈறு முழுக்க ஊதாவும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கும் முன்பே உடம்பு சொல்ல ஆரம்பித்திருந்தது. உட்கார்ந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். ரவிக்கைகளை நாலு தடவை பிடித்துத் தைத்தேன். சோறு இறங்காது, உப்பு மட்டும் வேண்டும். ஊறுகாய் ஜாடியின் அடியில் நிற்கும் தண்ணீரைக் குடிப்பேன். ஒரு கட்டத்தில் கல் உப்பைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு, ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி, மற்றவர்கள் வெற்றிலை போடுவது மாதிரி அதை வாயில் போட்டுக்கொள்வேன். வெட்கமாக இருக்கும். ஆனால் அந்த உப்பு நாக்கில் கரையும்போதுதான் உயிர் வந்த மாதிரி இருக்கும்.

இதையும் டாக்டரிடம் சொல்லத்தான் போனேன். அவர் மணி அடித்துவிட்டார்.

வனிதாவின் நாற்காலி

அசோகனின் தங்கை வனிதா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். மோசமானவள் இல்லை. எனக்குச் செய்ததை எல்லாம் பிரியத்தில்தான் செய்தாள். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

"தினம் வெயில்ல போய்க்கினு வர்றீங்க அண்ணி. டேன் ஏறிப் போச்சு. ரெண்டு சிட்டிங்ல எடுத்துடலாம்" என்றாள்.

முகத்திலும் கழுத்திலும் பிளீச் பூசினாள். எரிந்தது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள். ஒரு வாரத்தில் கழுத்தில் தோல் உரிந்து புண்ணாகி, புண் ஆறிய இடம் முன்பைவிடக் கறுத்தது. அதற்கு ஒரு க்ரீம் கொடுத்தாள். அந்த க்ரீமுக்கு முகத்தில் பரு வந்தது. பருவுக்கு இன்னொன்று.

தெருவில் போகிற ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரு மருந்து இருந்தது. கடலை மாவு, குங்குமப்பூ, ஆட்டு ஈரல், கேரட் ஜூஸ். யாரோ எனக்குச் செய்வினை வைத்திருப்பதாக ஒரு பேச்சு. எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் இந்த ஊர்த் தங்கச் சுரங்க வேலைக்கு வந்த இடத்தில் பௌத்தம் தழுவிய குடும்பம். செய்வினையை நம்பாத என் மாமியார் அந்தப் பேச்சை வாசலோடு திருப்பி அனுப்பினார். அவருக்கு அந்த ஒரு நன்றி எப்போதும் உண்டு.

என் நிறத்தைப் பற்றி அத்தனை பேரும் பேசினார்கள். பதினைந்து கிலோ குறைந்துபோயிருந்தேன். அதைப் பற்றி ரெஜினாவைத் தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை. சிலர் வாழ்த்தக்கூடச் செய்தார்கள், "நல்லா ஸ்லிம் ஆயிட்டே" என்று.

அப்பாவின் இருமல்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அப்பா அண்டர்கிரவுண்டில் பாறை துளைக்கும் மெஷின் பிடித்தவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்தால், குளித்த பிறகும் காது மடலில் சாம்பல் நிறத்தில் தூசி ஒட்டியிருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார். சுரங்கம் மூடியபோது வேலை போனது. இருமல் போகவில்லை. நுரையீரலில் தூசி என்றார்கள், பிறகு டி.பி. என்றார்கள். எங்கள் சுரங்க லைன் வீடுகளில் அது ஒரு செய்தியே இல்லை. பத்து வீட்டுச் சுவரும் ஒட்டி ஒட்டி இருக்கும். எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம்.

ஒரே அறை. அப்பாவின் பாய்க்குப் பக்கத்தில் என் பாய். அவர் போன மறு வருஷம் என் கழுத்தில் கட்டி கட்டியாக வந்தது. அதுவும் டி.பி.தான் என்று பல மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சிவப்பு மாத்திரை, சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். கட்டி கரைந்தது. முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. அந்தக் கிருமி கழுத்திலிருந்து இறங்கி, உடம்புக்குள் வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு மேல் சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது. அது எனக்குத் தெரிய வந்தது ஒரு டிசம்பர் காலையில்.

பிளாட்பாரம்

இரண்டு நாளாக வாந்தி. லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று கிளம்பிவிட்டேன். கோரமண்டல் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பனி. ரயில் வருகிற சத்தம் கேட்டு எழுந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

ரெஜினா பிறகு சொன்னாள். நான் எழுந்த வேகத்தில் அப்படியே முன்பக்கம் சாய்ந்தேனாம். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் தண்டவாளத்தில் விழுந்திருப்பேனாம். அவள் அன்றைக்கு ரயிலை விட்டாள். ஆட்டோ பிடித்து, அசோகனுக்குப் போன் போட்டு, என்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

எமர்ஜென்சியில் ஒரு இளம் பெண் டாக்டர். கன்னடக்காரி. இருபத்தைந்து வயசுகூட இருக்காது. டிரிப்ஸ் போட என் கையைத் திருப்பியவள், ஊசியை வைக்காமல் நின்றாள். என் உள்ளங்கையை லைட் பக்கம் தூக்கிப் பார்த்தாள். நான் துணியைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே.

"பாய் தெகீரி" என்றாள் கன்னடத்தில். வாயைத் திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்து, "உப்பு சாப்பிடணும்னு தோணுதா உங்களுக்கு?" என்று தமிழில் கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

"சின்ன வயசுல டி.பி. வந்துதா?"

தலையாட்டினேன்.

பரிசோதனை முடிவுக்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. ரத்தம் எடுத்த கையோடு ஒரு ஊசி போட்டாள், உப்புத் தண்ணீரை வேகமாக ஏற்றச் சொன்னாள். சாயங்காலம் நான் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டேன். அசோகன் என்னைப் பேயைப் பார்த்த மாதிரி பார்த்தார்.

மறுநாள் அந்தப் பெண் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். கிட்னிக்கு மேலே தொப்பி வைத்த மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள். உடம்பில் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் சரியான அளவில் வைத்திருப்பது அவை சுரக்கும் ஹார்மோன். என்னுடைய இரண்டையும் டி.பி. தின்றுவிட்டது, ஸ்கேனில் சுண்ணாம்பு படிந்து தெரிகின்றன.

"மூளைக்குக் கீழே இன்னொரு சுரப்பி இருக்கு. 'வேலை செய், வேலை செய்'னு இதுக்கு ஆர்டர் போடுறது அதுதான். இங்க செத்துப் போச்சு, பதில் இல்ல. அதனால அது இன்னும் இன்னும் ஆர்டர் போட்டுக்கிட்டே இருக்கும். அந்த ஆர்டர்தான் தோலையும் கறுக்க வைக்குது."

"இது அடிக்கடி வர்றதா மேடம்?" என்று அசோகன் கேட்டார்.

"அபூர்வம்."

நான் கேட்டேன்: "அபூர்வமா, இல்ல யாரும் பாக்கறதில்லையா? எங்க ஊர்ல எல்லார் வீட்டுலயும் இருமல் இருந்துது மேடம். நாங்க எல்லாரும் கறுப்பு. எங்கள்ல ஒருத்தர் கறுத்தா யாருக்குத் தெரியும்?"

அவள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மறுபடி அந்த மாடி

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை கிளினிக்குக்குப் போனேன். அசோகன் வேண்டாம் என்றார்.

"போய் இன்னா செய்யப் போற? சண்டையா?"

"நீ அன்னிக்கு ஏன் சிரிச்ச?" என்றேன். அதுவரை கேட்காமல் வைத்திருந்த கேள்வி. வழக்கமாக அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு வரவில்லை.

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். "பள்ளிக்கூடத்துல என்னைக் கரிமூட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. வாத்தியாரும்தான். நான் சிரிச்சிடுவேன். சிரிச்சிட்டா வுட்டுடுவாங்க. அப்பிடியே பழக்கம் ஆயிடுச்சி" என்றார்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. ஆனால் மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. "வா கூட" என்றேன். வந்தார்.

டோக்கன் எடுத்தோம். காத்திருந்தோம். கதவைத் திறந்தே வைத்தேன். வெளியே பெஞ்சில் பத்துப் பேர்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். இந்தத் தடவை தலை நிமிர்ந்தது. "ஓ! ரொம்ப ரேர்மா இது. யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"ஒரு சின்னப் பொண்ணு கண்டுபிடிச்சுது சார். கையைத் திருப்பிப் பாத்துது, அவ்ளோதான்."

"நீங்க சிம்ப்டம்ஸ் எல்லாம் சரியா சொல்லியிருக்கணும்."

"சொன்னேன். கறுத்துக்கினே போறேன்னு சொன்னேன். இதே மேஜை மேல கையை வெச்சேன். உங்க ஜனங்க பொறக்கும்போதே கறுப்புதானேன்னீங்க. நான் செத்திருப்பேன் சார்."

"சத்தம் போடாதீங்கம்மா. வெளியே பேஷண்ட்ஸ் இருக்காங்க."

"அவங்களுக்கும் கேக்கட்டும்னுதான் கதவைத் தொறந்து வெச்சிருக்கேன். இப்ப பாருங்க. இது ரேகை. இது முட்டி. இது ஈறு. நல்லாப் பாத்துக்குங்க. இனிமே எங்க ஜனத்துல ஒருத்தர் வந்து கறுக்கறேன்னு சொன்னா, வாயைத் தொறக்கச் சொல்லுங்க."

அவர் மன்னிப்புக் கேட்டார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கேட்கவில்லை. மணியை அடித்தார். ஆனால் அன்றைக்கு நர்ஸ் சிரிக்கவில்லை, அசோகனும் சிரிக்கவில்லை. "அவ சொல்றது நெஜம்தானே சார், நீங்க பாக்கலையே" என்றார் அசோகன். வாழ்க்கையில் பெரிய மனுஷர் ஒருவரை அவர் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

கலர்

இப்போது தினமும் மாத்திரை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, உயிர் இருக்கிற வரைக்கும். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தி வந்தால் உடனே ஊசி. அதைப் போட அசோகன் நர்ஸிடம் கற்றுக்கொண்டார், கொய்யாக்காயில் குத்திக் குத்தி.

மாத்திரை ஆரம்பித்துச் சில மாதங்களில் ஈறு தெளிந்தது. ரேகைகள் வெளுத்தன. முகத்துக்கு என் பழைய கறுப்பு திரும்பி வந்தது. என் சொந்தக் கறுப்பு. கண்ணாடி முன்னால் நின்று அழுதேன், தொலைந்துபோன ஒருத்தி வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி.

ஊர் வேறு மாதிரி பார்த்தது. "இப்பத்தான் கலரா ஆயிக்கிற! இன்னா க்ரீம்?" ரயிலில், மார்க்கெட்டில், ரேஷன் கடையில். சாகக் கிடந்தபோது யாரும் விசாரிக்கவில்லை. ஒரு ஷேடு வெளுத்ததும் விசாரிக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வனிதா போன் செய்தாள். "அண்ணி, அந்த மாத்திரை பேரு இன்னா? பேத்தமங்களாவுல இருந்து ஒரு பொண்ணு வந்துக்குது. வர்ற வாரம் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுல கலர் கம்மின்னு இழுக்கறாங்களாம். அவங்கம்மா அழுவுறாங்க."

போனில் கத்தவில்லை. நேராகப் பார்லருக்குப் போனேன்.

நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் நந்தினி. கழுத்துவரை பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். கிண்ணத்தில் பிளீச் கலக்கியாகிவிட்டது. அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறியது. என் கழுத்துப் புண் ஞாபகம் வந்தது. நான் அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். நல்ல சிவந்த உள்ளங்கை, வயல் வேலை செய்து காய்த்திருந்தது.

"ஒடம்பு எப்பிடிம்மா இருக்குது? சோறு துன்றியா? தலை சுத்துதா?"

"நல்லாத்தான் இருக்கேன் அக்கா" என்றாள், ஒன்றும் புரியாமல்.

அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அந்த மாத்திரை கலருக்கு இல்லம்மா. அது இல்லன்னா நான் செத்துடுவேன். உங்க பொண்ணு துன்னா அவளைக் கெடுத்துடும்."

அந்த அம்மா, "சும்மா ஒரு மாசத்துக்கு" என்று ஆரம்பித்தார். நந்தினி குறுக்கே பேசினாள். பார்லரில் அவள் அதுவரை வாயைத் திறந்ததாகவே தெரியவில்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு அவங்க வீட்டுல நீங்க சொல்றீங்களா?"

"நம்பர் குடு" என்றேன்.

கொடுத்தாள். அவள் அம்மா கையைப் பிடிப்பதற்குள் அழுத்திவிட்டேன். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தாய். நான் யார் என்று சொன்னேன். உங்கள் மருமகளாக வரப்போகிறவள் முழு ஆரோக்கியமாக இருக்கிறாள், அவள் நிறத்தில் எந்த நோயும் இல்லை, வெளுக்க வைக்கிறேன் என்று சொல்லி அவளைக் கொல்லப் பார்க்கிறார்கள், உங்களுக்காகத்தான் என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். அச்சில் போட முடியாது.

சம்பந்தம் முறிந்துபோனது.

வனிதா நாலு மாதம் என்னோடு பேசவில்லை. நந்தினியின் அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஒரு கல்யாணத்தை நான் கெடுத்தேன் என்பது ஊரில் நிலைத்துவிட்டது. என் உடம்புக்கு என்ன வந்தது என்பது நிலைக்கவில்லை.

நந்தினி இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். போன மாதம் துண்டு வாங்கப் போயிருந்தேன். பில் போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க பேசினது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல அக்கா."

"எனக்கும் தெரியாது நந்தினி" என்றேன். "ஆனா மறுபடி அப்பிடி ஒரு நாள் வந்தா, மறுபடியும் பேசுவேன்."

அவள் துண்டை மடித்துப் பையில் போட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "பேசுங்க" என்றாள்.